தாய்மாமன் மடியும் ஜோடி மாத்திரையும்

என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட கேள்வி எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். "வெளிக்குப் போனீங்களா?" இதுதான். என் வீட்டுக்காரரிடம் "சாப்டீங்களா?" என்று கேட்டதைவிட இதை அதிகம் கேட்டிருக்கிறேன். அவரே இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் திண்டுக்கல்லில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வார்டில் அல்ல. மொபெட்டில் ஏறி வீடு வீடாகப் போகிற வேலை. குணமாக்க இனி ஒன்றும் இல்லை என்று பெரிய ஊர்களில் சொல்லி அனுப்பிவிட்ட நோயாளிகள், பெரும்பாலும் புற்றுநோய்க்காரர்கள், எங்கள் கணக்கில் வருவார்கள். அவர்களை வலியில்லாமல் வைத்திருக்க வேண்டும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுப்போம். கேட்கும் மனிதர்களுக்கு இந்த இடத்தில் முகம் இரக்கத்தால் நிறைந்துவிடும். "எம்புட்டுப் புண்ணியமான வேலை!" என்பார்கள். சரிதான், புண்ணியம்தான். ஆனால் மார்ஃபின் வலியை நிறுத்துகிற கையோடு குடலையும் நிறுத்திவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே என் புண்ணியத்தில் முக்கால்வாசி மலச்சிக்கலில்தான் கழிந்தது.

பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த என் அம்மாவுக்கு இது பெரிய வருத்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் யாராவது "மக என்ன பண்றா டீச்சர்?" என்று கேட்டால் "ஆஸ்பத்திரில இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவர் எனக்கு என்ன நோயோ என்று நினைத்துப் போனாலும் அவருக்குக் கவலையில்லை.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் "மலம் கழித்தீர்களா?" என்பது. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு முதல் வாரம் செம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவரிடம் போய், கொஞ்சம் பேச்சு மாதிரி மாற்றி, "மலம் கழிச்சீங்களா ஐயா?" என்று கேட்டேன். எங்கள் ஊர் நாக்கில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே கதிதான். பெரியவர் பெருமூச்சு விட்டார். "களியா? எங்க தாயி, கேப்பக்களி தின்னு மாசம் ரெண்டாச்சு. தொண்டையில எறங்குனாத்தான?" நானும் விடாமல் இன்னொரு தடவை கேட்க, அவர் மருமகளைக் கூப்பிட்டு, "ஏத்தா, சிஸ்டருக்குக் களி வேணுமாம்" என்றார். அன்றோடு புத்தகத் தமிழைத் தலைமுழுகிவிட்டேன். பழனிப் பக்கம் "வெளிய போயிட்டு வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பார்த்தேன். "கட்டில விட்டு எறங்கவே முடியலீங்க, எங்கீங்க வெளிய போறது?" என்று ஒரு அம்மா அழுதேவிட்டார். கடைசியில் "வெளிக்கு" என்ற ஒரு சொல்தான் எனக்கு நிலைத்தது. பேரும் அதுவே ஆகிவிட்டது. சாணார்பட்டி பஸ் நிறுத்தத்தில் என் மொபெட்டைப் பார்த்தாலே "வெளிக்கு சிஸ்டர் வாராக" என்பார்கள்.

எங்கள் டாக்டர் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் கண்டிப்பாக இருந்தது ஒரே விஷயத்தில். வலி மாத்திரையை ஒருபோதும் தனியாகக் கொடுக்கக் கூடாது, முதல் நாளிலிருந்தே பேதி மாத்திரையும் கூடப் போக வேண்டும். நான் அதற்கு ஜோடி மாத்திரை என்று பெயர் வைத்தேன். வீடுகளில் "இது புருஷன், இது பொண்டாட்டி, ரெண்டையும் பிரிக்காதீங்க" என்று சொல்லிக் கொடுப்பேன். ஒரு ஆயா, "இதுல புருஷன் எதும்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மகள் சொன்னாள்: "எது உள்ள அடைச்சுக்கிட்டு நகராம உட்காந்திருக்கோ, அதுதான்."

சாணார்பட்டிக்குக் கிழக்கே இருந்த அந்த விவசாயிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். செவ்வந்தியும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்தவர். புற்று இடுப்பெலும்பு வரை போயிருந்தது. நான் பார்க்கப் போனபின் நாலைந்து மாதம் இருந்தார், வலியில்லாமல்தான் போனார். அதைச் சொல்லி உங்களை அழவைக்க நான் உட்காரவில்லை. அவருக்கு ஒரு காதுகுத்து இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நாள் போனபோது மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். தலையணையைச் சரிசெய்யத் தூக்கினால், பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மார்ஃபின் மாத்திரைகள் அப்படியே உறைக்குள் இருக்கின்றன. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "என்னண்ணே இது? மாத்திரையத் தலையணைக்கா குடுக்குறீங்க?" என்று சத்தம் போட்டேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார்: "அதத் தின்னா வலி நிக்கிது சிஸ்டர். ஆனா அஞ்சு நாளாச்சுன்னாலும் வெளிக்கு வர மாட்டேங்குது. உக்காந்து முக்கி முக்கி வேர்த்துக் கொட்டி, அந்த வேதனைக்கு இந்த வேதனையே தேவலன்னு நிறுத்திட்டாக." யாரோ புருஷனை மட்டும் எழுதிக்கொடுத்துப் பொண்டாட்டியை மறந்துவிட்டார்கள்.

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "தங்கச்சி, இன்னும் மூணு வாரத்துல ஆயக்குடியில எந்தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. ஒரு வயசுப் புள்ள. எம் மடியிலதான் வச்சுக் குத்தணும். ஒரு அர மணி நேரம் நான் சபையில உக்காரணும். அதுக்கு மட்டும் ஏதாச்சும் வழி பண்ணுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

தாய்மாமன் மடி என்பது எங்கள் ஊர்களில் சும்மா விஷயமில்லை. மாமன் மடியில் உட்காராத பிள்ளையின் காதில் பத்தர் ஊசியை வைக்க மாட்டார். அவருக்கு இருந்தது ஒரே தங்கை. அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் வளர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை சாப்பிட்டால் சிக்கல், சாப்பிடாவிட்டால் வலி. இரண்டில் எதிலும் சபையில் உட்கார முடியாது. அவர் உட்காராவிட்டால் மாமன் முறையில் அடுத்தவர் யார் என்று விசாரித்தேன். சித்தப்பா மகனாம். பொதுக் கிணற்றில் மோட்டார் போடும் முறைக்காக ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். "அவன் மடியிலயா எம் மருமக உக்காருறது?" என்று அவர் கேட்ட கேள்வியில், வலிக்கு நடுவிலும், உயிர் துள்ளியது. சரி, இந்த ஆளைச் சபையில் உட்காரவைத்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஜோடி மாத்திரையை ஆரம்பித்தோம். வலி அடங்கியது. நான்காம் நாள் மனைவி வாசலிலேயே நின்று சிரித்தார். "போயிட்டாக சிஸ்டர்!" பக்கத்து வீட்டுக்காரர் மகன் பாஸாகிவிட்டான் என்று நினைத்திருப்பார், அந்த மாதிரிச் சத்தம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆணவமும் கொஞ்சம் ஏறியது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில் தங்கை வீட்டுக்காரர் ஆயக்குடியிலிருந்து ஒரு சாக்குக் கொய்யாப் பழத்தோடு வந்து இறங்கினார். "ஏனுங்க சிஸ்டர், மச்சானுக்கு வயித்துச் சிக்கலுங்களாமா? எங்கூரு கொய்யா தின்னா எப்பேர்ப்பட்ட சிக்கலும் போயிருமுங்க. தோலோட, கொட்டையோட குடுங்க." நானும் ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டே, "பழம் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தேன். சொன்னது இந்த வாய்தான். வயலில் வேலை செய்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பவனுக்குக் கொய்யா நல்லது. எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டியிருக்குமே என்று பயந்து நாளெல்லாம் இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொள்கிற, மார்ஃபினால் குடல் தூங்குகிற மனிதனுக்கு அந்தக் கொட்டையெல்லாம் சேர்ந்து என்ன செய்யும்? நான் யோசிக்கவில்லை. அவர் ஒரு நாளைக்கு ஐந்து பழம் தின்றிருக்கிறார், மாப்பிள்ளை மனம் நோகக் கூடாதென்று.

அடுத்த வாரம் போனேன். அன்றைக்குப் பார்க்க இன்னும் மூன்று வீடு பாக்கி. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. "வெளிக்குப் போறாரா?" என்று வாசலிலிருந்தே கேட்டேன்.

"போகுது சிஸ்டர். காலையில இருந்து நாலு தரம் போகுது."

"தண்ணியாவா?"

"ஆமா, தண்ணியாத்தான். கொஞ்சங் கொஞ்சமா. வேட்டியிலயே பட்டுருது."

"அப்ப பேதி மாத்திரை ஜாஸ்தியாயிருச்சு. அத நிறுத்துங்க. மோர் குடுங்க." செத்த நேரம்கூட உட்காரவில்லை. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், நானே பிரித்து வைத்துவிட்டு வந்தேன். "போகுது" என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வேறெதுவும் கேட்காமல் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் வயிறு பானையாக உப்பியிருக்கிறது. சாப்பாடு வேண்டாம் என்கிறார், குமட்டுகிறது என்கிறார், ஆனால் வேட்டி மட்டும் நனைந்துகொண்டே இருக்கிறது. காதுகுத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் தங்கச்சி. சபையில வேட்டி நனைஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முழிப்பேன்? அந்தச் சித்தப்பா மகனையே உக்காரச் சொல்லிருங்க." அந்த ஆளை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அம்புட்டு வெறுத்துப்போயிருந்தார்.

தெருமுனை போன் கடையிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் ஒரே கேள்வி கேட்டார். "விரல் விட்டுப் பாத்தீங்களா சிஸ்டர்?"

"இல்ல டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பாத்துட்டுச் சொல்லுங்க. முதல்ல வலி மாத்திரை ஒண்ணு குடுத்திருங்க" என்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை.

திரும்பிப் போய் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். கையுறை மாட்டி, ஜெல் தடவிப் பார்த்தால் ஆசன வாசலிலேயே கல் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கிறது. கையில் நறநறவென்று தட்டுப்பட்டவை கொய்யாக் கொட்டைகள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அண்ணே," என்றேன், "இது பேதி இல்ல. உள்ள கட்டியா அடைச்சிருக்கு. அதுக்கு மேல தேங்குனது ஓரத்து வழியா ஒழுகுது. நான் பாக்காம மாத்திரைய நிறுத்திட்டேன். தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க."

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "அட! மடையில சருகு அடைச்சுக்கிட்டா ஓரத்துல கசியுமே, அதுவா?"

"அதேதான்."

"இத மொதல்லயே எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே தங்கச்சி! கசியிதேன்னு எவனாச்சும் மோட்டார நிறுத்துவானா? மடையில கைய விட்டுச் சருக எடுத்தாத்தான் தண்ணி பாயும்." அவருக்கு நோய் வந்த நாளிலிருந்து எல்லோரும் அவருக்குப் புரியாத பாஷையில் பேசியிருக்கிறார்கள். முதல் தடவையாக அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்துவிட்டது. அந்தத் தெம்பில், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "ம், எடுங்க" என்றார். எண்ணெய் எனிமா கொடுத்து ஊறவைத்து, கொஞ்சங் கொஞ்சமாக, அவர் "செத்த இருங்க" என்றபோதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். அன்றும் மறுநாளும் ஆயிற்று. மறுநாள் மத்தியானம் மீதி எல்லாம் தானாகவே வந்தது. மனிதர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா! வயித்துல இருந்த ஒரு குடும்பமே காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் சோறு கேட்டார், தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தோடு.

அதற்குப் பிறகு நான் எதையும் காதால் கேட்டு நம்பவில்லை. தினமும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஜோடி மாத்திரை திரும்ப வந்தது, அளவைக் கூட்டி. கொய்யாச் சாக்கு பக்கத்து வீட்டு ஆடுகளுக்குப் போனது. மாப்பிள்ளையிடம் நானே சொன்னேன். "ஏனுங்க, எங்கூரு பழத்துமேலயா பழி?" என்று அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வீட்டில் ஒரே அறை. அவர் பெட்பேன் மேல் படுத்துக்கொண்டு முக்கும்போது, பாதிப் பேர் அங்கேயே டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்த மனிதனுக்கு வரும்? ஒரு பழைய மரநாற்காலியில் ஆசாரியை விட்டு ஓட்டை போட்டு, கீழே வாளி வைத்து, கால் வைக்க ஒரு பலகையும் போட்டோம். காலையில் சூடாகக் காப்பி, அது முடிந்து அரை மணியில் நாற்காலி. மனைவி எல்லோரையும் வாசலுக்கு விரட்டிக் கதவைச் சாத்திவிடுவார். சத்தம் வெளியே கேட்டுவிடுமே என்று கணவருக்கு வெட்கம். ஆகவே மனைவி டிவியை மட்டும் உச்சத்தில் வைத்துவிட்டு வருவார். இரண்டே நாளில் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலையில் அந்த வீட்டில் டிவி அலறினால், தண்ணி பிடிக்கப் போகிறவர்கள்கூட நின்று, "என்ன மதினி, ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று சொல்கிற ஊர். இதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்ததெல்லாம் என்னைப்போல் டவுனிலிருந்து போனவர்கள்தான்.

காதுகுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாழ்க்கையில் முதல் தடவையாக, காய்ச்சல் இல்லாமல், நான் பூசைக்குப் போகவில்லை. அம்மா "எங்கடி?" என்றார். "ஆயக்குடிக்கு. ஒருத்தரு வெளிக்குப் போனாரான்னு பாக்கணும்" என்றேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

முதலில் சாணார்பட்டியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. வாசலில் கார் நிற்கிறது, சீர்த்தட்டுகள் தயாராக இருக்கின்றன, நாங்கள் எல்லோரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. என் கை தானாகக் கழுத்து ஜெபமாலையைத் தேடியது. இந்த மாதிரி விண்ணப்பத்தை மாதா எப்போதாவது கேட்டிருப்பாரோ, தெரியாது. டிவி நின்றது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போன மனைவி, திரும்பி வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஆச்சு என்று தலையை ஆட்டினார். வாசலில் நின்ற பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வழக்கம்போலக் காய்கறி லாரிகள் வழியை மறித்து நின்றன. நான் காரிலிருந்து இறங்கி ஒரு டிரைவரைக் கூப்பிட்டுக் கத்திய கத்தலில் பாதை பிறந்தது. ஆயக்குடியில் காதுகுத்து நடக்கிற கோவிலுக்குப் போனதும் வலி மாத்திரை கொடுத்தேன், நேரம் பார்த்து. தரையில் சம்மணம் போட அவரால் முடியாது, நாற்காலியில் தலையணை வைத்து உட்காரட்டும் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சித்தப்பா மகனும் வந்திருந்தார். புது வேட்டி கட்டிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல முன்வரிசையில் நின்றார்.

எங்கள் விவசாயி நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் வலி இல்லை. ஆனால் கண் மட்டும் அடிக்கடி தன் வேட்டிக்குப் போய்ப் போய் வந்தது. அந்தப் பயம் எனக்குத் தெரியும். தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மொட்டைத் தலையில் சந்தனம், பட்டுப் பாவாடை, வாயில் வாழைப்பழம். பத்தர் காதைப் பிடித்தார். ஊசி இறங்கியது.

பிள்ளை வீறிட்டது. வீறிட்ட வேகத்தில் இன்னொன்றும் நடந்தது. அவருடைய வெள்ளைவெளேர் வேட்டியில், சபைக்கு நடுவில், மடி நிறைய.

"ஐயோ அண்ணே!" என்று தங்கை பதறினாள். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அவர் குனிந்து மடியைப் பார்த்தார். நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினார். பிறகு கோவில் முழுக்கக் கேட்கும்படிக் கத்தினார்: "தங்கச்சி, பாத்தீகளா! மாத்திரை இல்ல, எனிமா இல்ல, டிவி சத்தம் இல்ல. எம் மருமக எம்புட்டு லேசாப் போறா!"

கோவில் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார், கண்ணீர் கொட்டக் கொட்ட. நானும் அழுதேன், வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி. மனைவி துண்டோடு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். அவர் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரு. இன்னொரு காது இருக்குல்ல" என்றார்.

அந்தக் காதையும் குத்தி, கம்மல் போட்டு, பத்தர் திருகாணியைத் திருகி முடிக்கும்வரை, நனைந்த வேட்டியோடு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளையை யாரிடமும் கொடுக்கவில்லை.